வேவெஸ்ஸ முதல் மீரியபெத்த வரை: ஊவாத் தோட்டங்களிற் கூட்டாகத் திட்டமிடும் உரிமை

மலையகத் தோட்டச் சமூகம் தனது எதிர்காலத்தைத் தானே கூடிச் சிந்தித்துத் திட்டமிடும் பயிற்சி அற்றது என்னும் கருத்து நமது அறிவுலகில் நெடுங்காலமாக நிலவி வருகின்றது. கடந்த சில தசாப்தங்களாகத் தோட்டப்புறங்களில் நடத்தப்பெறும் 'மக்கள் பங்கேற்பு' வேலைத்திட்டங்கள் பலவற்றின் அடித்தளமும் இக்கருத்தே. மக்களுக்குத் திட்டமிடக் கற்பித்தல் வேண்டும், கற்பித்தால் அவர்கள் முன்னேறுவர் என்பது அவற்றின் எடுகோள். நல்லெண்ணத்தோடு கூறப்படினும் இக்கூற்று வரலாற்றுச் சான்றுகளோடு பொருந்துவதன்று. பதுளையையும் அதனைச் சூழ்ந்த ஊவா மாகாணத் தோட்டங்களையும் களமாகக் கொண்டு நோக்குமிடத்து, இம்மக்களுக்கு இல்லாதிருந்தது திட்டமிடும் ஆற்றல் அன்று, திட்டமிடுவதற்கான அதிகாரமே என்பது புலப்படும். இதனை நிறுவுவதே நமது நோக்கம்.

1

பெருந்தோட்டம் என்பது முற்றாகத் திட்டமிடப்பட்ட ஓர் உற்பத்தி அமைப்பு. 1818இல் ஊவா வெல்லஸ்ஸ எழுச்சி ஒடுக்கப்பட்டது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் உறுதிப்பத்திரம் இல்லாத காடுகளையும் சேனை நிலங்களையும் அரசுடைமையாக்கியது. அந்நிலங்களிற் கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. 1869இற் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்த பின்னர் அதே மலைச்சரிவுகளிற் தேயிலை ஊன்றப்பட்டது. 1886இல் ஊவா தனி மாகாணமாயிற்று. 1924இற் புகையிரதப் பாதை பதுளையை எட்டியது. எந்தச் சரிவில் எத்தனை கன்று நடுவது, எத்தனை நாளுக்கு ஒருமுறை கொழுந்தெடுப்பது, லயம் எங்கு அமைவது, பிள்ளைக்காம்பரா எங்கு அமைவது ஆகிய யாவும் துரையின் காரியாலயத்திலேயே முடிவாயின. தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளி இத்திட்டத்தின் கருவியாகக் கருதப்பட்டானேயன்றி, அதனை வகுப்போருள் ஒருவனாக ஒருபோதும் கருதப்படவில்லை.

தோட்டத்தின் எல்லைக்கு அப்பாலிருந்த சிங்களக் கிராமத்தின் நிலை இதனின்றும் வேறுபட்டது. காணியிழப்பினால் அதுவும் நலிவுற்றிருந்தது. ஆயினும் 1871ஆம் ஆண்டின் கிராமச் சமுதாயங்கள் கட்டளைச் சட்டத்தின் வழியே தனது பொதுக் கருமங்களைக் கூடி ஆராய்வதற்குச் சட்டபூர்வமான அமைப்பொன்று அதற்குக் கிடைத்தது. தோட்டத் தொழிலாளருக்கு அவ்வமைப்பிலும் இடமளிக்கப்படவில்லை. 1937இல் அச்சட்டம் திருத்தப்பட்டபோது தோட்டங்களில் வதியும் தொழிலாளர் கிராமச் சபை வாக்குரிமையினின்றும் விலக்கப்பட்டனர். தமது காணியை விழுங்கியது ஒரே முதலாளித்துவ ஏற்பாடு என்பதைக் கிராமத்தவரும், தம்மை லயத்தில் அடைத்தது அதே ஏற்பாடு என்பதைத் தோட்டத்தவரும் ஒன்றாகக் கூடி உணர்வதற்குரிய மேடை இவ்வாறு முளையிலேயே கிள்ளப்பட்டது.

எனினும் லயங்களினுள்ளே கூட்டுவாழ்வு இல்லாதிருந்தது எனக் கொள்ளுதல் தவறு. மாரியம்மன் திருவிழாவுக்கு வரி எடுத்தல், காமன் கூத்துக்கு ஆள் பிரித்து ஒத்திகை வைத்தல், மரண வீட்டுக்கு வீட்டுக்கொரு பணம் சேர்த்தல் ஆகியன யாவும் திட்டமிடலே. ஆண்டுதோறும் வரவு செலவு பார்த்து, பொறுப்புகளைப் பகிர்ந்து, பிணக்குகளைத் தீர்த்து ஒரு சிறு சமூகம் இவற்றை நிறைவேற்றி வந்துள்ளது. அதேவேளை இவ்வமைப்புகளை நாம் இலட்சியப்படுத்துதலும் ஆகாது. பெரிய கங்காணியின் ஆதிக்கமும் சாதிப் படிநிலையும் அவற்றில் ஊடுருவி நின்றன. கொழுந்துக் கூடை சுமந்த பெண்ணின் குரல் அங்கு ஒலிக்கவில்லை. ஆற்றல் இருந்தது, அது பழைய அதிகார உறவுகளுக்குட் கட்டுண்டு கிடந்தது எனலாம்.

2

அக்கட்டு ஊவாவிலே முதன்முதலாகத் தெறித்தது 1940இலாகும். அவ்வாண்டு ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்திற் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குக் கோவிந்தன் என்னும் தொழிலாளி பலியானார். அதனைத் தொடர்ந்து எழுந்த வேலைநிறுத்த அலை தெற்கு நோக்கிப் பரவி ஊவாவை வந்தடைந்தது. இங்கு வேலைநிறுத்தங்கள் நீண்டன. தொழிலாளர் இலங்கைச் சமசமாஜக் கட்சியின் தலைமையை நாடினர். மே 12ஆந் திகதி பதுளையில் நடந்த பெருங்கூட்டத்தில் என். எம். பெரேரா உரையாற்றியபோது பொலிசார் செயலற்று நின்றனர்.

பதுளைக்கு அண்மையிலுள்ள வேவெஸ்ஸ தோட்டத்தில் நிகழ்ந்ததே நமது ஆய்வுக்கு முதன்மையானது. அங்குத் தொழிலாளர் தமக்குள்ளே தேர்தல் நடத்தி ஒரு சபையை அமைத்தனர். அச்சபையைக் கலந்தாலோசித்தே செயற்படுவதாகத் தோட்டத் துரையும் உடன்பட்டார். ஒழுங்கை நிலைநாட்ட வந்த ஆயுதந் தாங்கிய பொலிஸ் குழுவொன்றின் ஆயுதங்களைத் தொழிலாளர் களைந்தனர் என இடதுசாரி இயக்க வரலாறுகள் குறிப்பிடுகின்றன. இறுதியிற் பொலிஸ் அடக்குமுறையும், ஊவாவை ஒரு வாரத்திற்கு மேலாக ஏனைய பகுதிகளிலிருந்து துண்டித்த பெருவெள்ளமும் அவ்வலையைத் தணித்தன. ஜூன் மாதத்திற் சமசமாஜத் தலைவர்கள் சிறையிடப்பட்டனர்.

ஆயுதங் களைந்த நிகழ்ச்சியே பெரிதும் நினைவுகூரப்படுகின்றது. நமது நோக்கில் அதனினும் முக்கியத்துவம் உடையது அந்தச் சபையே. கங்காணியின் அதிகாரம் மேலிருந்து வந்தது. சபையின் அதிகாரம் லயத்திலிருந்து எழுந்தது. துரையிடம் விண்ணப்பிக்கும் நிலையிலிருந்து துரை கலந்தாலோசிக்க வேண்டிய நிலைக்குத் தொழிலாளர் உயர்ந்தனர். வெளியிலிருந்து வந்த அரசியல் ஊழியர்கள் இங்கு ஆற்றிய பணியையும் மனங்கொள்ளல் வேண்டும். அவர்களது தலைமையிலே நடந்த போராட்டத்தின் விளைவு, தோட்டமே தேர்ந்தெடுத்த ஒரு சபையாக அமைந்தது. எழுத்தறிவு மிகக் குறைந்திருந்த, வாக்குரிமை வரையறுக்கப்பட்டிருந்த காலத்தில் இது நிகழ்ந்தது. திட்டமிடும் பயிற்சி இம்மக்களுக்கு இல்லை என்போர் முதலில் வேவெஸ்ஸவுக்கு விடை கூறுதல் வேண்டும்.

3

வேவெஸ்ஸவின் முளை ஏன் வளரவில்லை? இதற்கு மூன்று காரணங்களைச் சுட்டலாம்.

முதலாவது, பிரசாவுரிமைப் பறிப்பு. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு தொகுதிகளில் வென்றது. பதுளை அவற்றுள் ஒன்று. 1948, 1949ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கி வாக்குரிமையையும் பறித்தன. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைப் பிரசாவுரிமை வழங்கவும் ஏற்பாடு செய்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் இரு நாடுகளுக்குமிடையே சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். அடுத்த ஆண்டு எந்த நாட்டில் இருப்போம் என்பதை அறியாத குடும்பம், அடுத்த ஐந்தாண்டுக்கு எதனைத் திட்டமிடும்? எதிர்காலம் என்பதே அவர்களுக்கு ஓர் அலுவலகக் கோப்பினுட் கிடந்தது. 1988, 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்களின் பின்னரே இப்பிரச்சினை தீர்வுக்கு வந்தது.

இரண்டாவது, தொழிற்சங்க வளர்ச்சியின் முரண்பாடான தன்மை. கூலியையும் வேலைநாளையும் பேணுவதிற் சங்கங்கள் ஆற்றிய பங்கு மறுக்கற்பாலதன்று. ஆயினும் 1956இன் பிளவினைத் தொடர்ந்து சங்கங்கள் பெருக, ஒரே லயத்தில் வேறுவேறு தலைவர்கள் தோன்றினர். தோட்டம் முழுவதற்குமான சபை என்னும் எண்ணம் மறைந்தது. சந்தா கட்டும் அங்கத்தவரின் குறையைத் தலைவர் மேலிடத்துக்கு எடுத்துச் செல்வதே வழக்கமாயிற்று. சங்கத்திற் பெண்களின் சந்தா ஏற்கப்பட்ட அளவுக்கு அவர்களது தலைமை ஏற்கப்படவில்லை.

மூன்றாவதும் அடிப்படையானதும் காணியுரிமை இன்மை. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் தனியார் கம்பெனிகளிடம் சென்றது. உடைமையாளர் மாறியபோதும் லயத்தில் வாழ்வோனுக்கு அவன் படுக்கும் அறைமீது உரிமை பிறக்கவில்லை. ஊவாக் கட்டவளைத் தோட்டத்திலே 1934இற் பிறந்த தெளிவத்தை ஜோசப்பின் 'மீன்கள்' என்னும் சிறுகதை லயத்தின் ஒற்றை அறையிலே ஒரு குடும்பம் படும் இடநெருக்கடியைப் பொருளாகக் கொண்டது. விமர்சகர் பலர் அதனை மனித அவலத்தின் சித்திரமாகப் பாராட்டினர். அதனை உடைமை உறவுகளின் சித்திரமாகவும் நாம் வாசித்தல் வேண்டும். சுவரை இரண்டடி தள்ளிவைக்கும் அதிகாரமற்றவனிடம் பத்தாண்டுத் திட்டம் கேட்பது நகைப்புக்குரியதாகும்.

உள்ளூராட்சியும் இந்நிலையையே உறுதிப்படுத்தியது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைகள் தமது நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக அமைந்தது. வாக்குரிமை மீண்டபின் தோட்டத் தொழிலாளி பிரதேச சபைக்கு வாக்களித்தான். அச்சபையால் அவனது லயத்துக்குப் பாதை போட முடியவில்லை. 1937இன் விலக்கு 1987இல் வேறு வடிவிலே தொடர்ந்தது எனக் கூறின் மிகையன்று. 2018இலேயே இச்சட்டம் திருத்தப்பட்டது.

4

இவ்வதிகாரமின்மையின் விலை யாது என்பதை 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலை காட்டிற்று. பதுளை மாவட்டம் கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குச் சென்றிருந்தமையால் உயிர்தப்பிய பிள்ளைகள் சிலர் பெற்றோரை இழந்தனர். இவ்விடம் ஆபத்தானது என்பதும் மக்கள் இடம்பெயர்தல் வேண்டும் என்பதும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தினால் 2005இலும் 2011இலும் அறிவுறுத்தப்பட்டிருந்தன. அறிவியல் தனது கடமையைச் செய்திருந்தது.

அவ்வறிவுறுத்தலைச் செயலாக்க வேண்டியவர் யார்? காணி அரசினுடையது. நிர்வாகம் கம்பெனியினுடையது. பிரதேச சபையின் கையைச் சட்டம் கட்டியிருந்தது. ஆராய்ச்சி நிறுவனத்துக்கு ஆலோசனை கூறும் தகுதி மட்டுமே உண்டு. மக்களிடம் போவதற்கு மாற்றுக் காணி இல்லை. லயத்தை நீங்கின் வேலையும் நீங்கும் என்னும் அச்சம் இருந்தது. மீரியபெத்த மக்கள் எச்சரிக்கையைப் பொருட்படுத்தவில்லை என்று பின்னர் எழுந்த பேச்சு இவ்வமைப்பு முழுவதன் பொறுப்பையும் மாண்டவர் தலையிற் சுமத்தியது. உயிர்பிழைத்தோர் தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடமொன்றிலே காலங்கழிக்க நேர்ந்தது. 2016இலேயே மாக்கல்தெனியவில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. சில நூறு மக்களுக்கு வீடமைக்கக் காணி கண்டறிவது இயலுமென்பதை இது நிறுவியது. அதே வேலை 2005இற் செய்யப்பட்டிருக்கலாம் என்பதையும் இதுவே நிறுவியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயலின்போது பதுளை மாவட்டம் மீண்டும் நிலச்சரிவுகளால் உயிரிழப்புகளைச் சந்தித்தமை, இப்பிரச்சினை கடந்தகாலத்துக்கு உரியதன்று என்பதை உணர்த்துகின்றது.

கடல்கடந்த ஓர் ஒப்பீடு இவ்விடத்துப் பயன்தரும். 1996இற் கேரளத்தில் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம் மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளூராட்சிகளிடம் ஒப்படைத்து, கிராம சபைகளிலே மக்கள் கூடித் திட்டமிட வழிசெய்தது. உலகெங்கும் பாராட்டப்பெற்ற முயற்சி அது. அதே கேரளத்தின் மூணாற்றில், பெட்டிமுடியில், 2020 ஆகஸ்ட் 6ஆந் திகதி இரவு மலை சரிந்து தோட்ட லயங்களில் உறங்கிய 70 பேர் மாண்டனர். அவர்களும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினரே. பிரசாவுரிமை இருந்தது, ஊராட்சி வாக்குரிமை இருந்தது, மக்கள் திட்டமும் இருந்தது. வீடும் நிலமும் கம்பெனியினுடையனவாக இருந்தன. திட்டமிடும் அமைப்பு எத்துணைச் சிறந்ததாயினும் உடைமை உறவுகள் மாறாதவிடத்து அது லயத்தின் வாசலோடு நின்றுவிடும் என்பதற்கு இதனினும் வலுவான சான்று வேண்டியதில்லை.

5

இதுகாறும் கண்டவற்றிலிருந்து ஊவாவின் சிறு தோட்டச் சமூகங்களுக்குத் துணைநிற்க விழைவோர் கைக்கொள்ளத்தக்க முடிவுகள் சில பெறப்படுகின்றன. குடியிருக்கும் காணிக்கும் அதனைச் சூழ்ந்த பொதுநிலத்துக்கும் சட்டபூர்வமான உரித்து முதற்படி. அது வேலையோடு பிணைக்கப்படாததாதல் வேண்டும். அடுத்து, தோட்டப் பிரிவு ஒவ்வொன்றிலும் சங்கவேறுபாடு கடந்து தெரிவாகும் ஒரு சபை தேவை. கொழுந்தெடுக்கும் பெண்களும், தோட்டத்தை விட்டு நகரங்களில் வேலை தேடும் இளைஞரும் அதிற் சமமாக அமர்தல் வேண்டும். 2018இன் திருத்தத்தினாற் திறந்த வாயிலைப் பயன்படுத்தி, அச்சபையின் முடிவுகள் பிரதேச சபையின் வரவு செலவுத் திட்டத்திற் சேர்க்கப்படல் வேண்டும். மண்சரிவு அபாயம் தோட்டத்தையும் கிராமத்தையும் பிரித்துப் பார்ப்பதில்லை. ஆதலின் அயற் சிங்களக் கிராமத்தோடு கூடித் திட்டமிடுவது இன ஒற்றுமை பற்றிய உபதேசத்தினும் பயனுடையது.

புத்திஜீவிகளுக்கும் இதில் ஒரு பணி உண்டு. அபாய வரைபடங்களையும் காணிச் சட்டங்களையும் தொழிலாளி வாசிக்கும் தமிழில் தருதல், சபைகளின் முடிவுகளைப் பதிவுசெய்து பேணல், அம்முடிவுகள் புறக்கணிக்கப்படுமிடத்து அதனைப் பகிரங்கப்படுத்தல் ஆகியன அப்பணியின் கூறுகள். 1940இல் வெளியிலிருந்து வந்தோரின் உதவி ஒரு சபை தோன்றத் துணைநின்றது; இன்றைய உதவிகளிற் பல ஓர் அறிக்கையோடு முடிவுறுகின்றன. நமது உதவி இவ்விரண்டில் எதனைச் சார்ந்தது என்பதை அளக்க மக்களிடம் எளிய அளவுகோல் உண்டு: அடுத்த மழைக்காலத்துக்கு முன் எங்கு செல்வது என்பதைத் தாமே கூடி முடிவு செய்யவும், அம்முடிவைச் செயலாக்கவும் அவர்களால் இயலுமா என்பதே அது.