கட்டுண்ட இறைவன்

கற்பனைப் புனைவுகளில் கிறித்துவின் சாயலைத் தேடுவோர் பெரும்பாலும் மேலைநாட்டு நூல்களோடு நின்றுவிடுகின்றனர். 1950இல் வெளிவந்த சி. எஸ். லூயிசின் சிறுவர் புனைகதையில், துரோகம் இழைத்த ஒரு சிறுவனுக்காக அஸ்லான் என்னும் சிங்கம் கல்மேடையில் தன் உயிரைக் கொடுத்து, விடியலில் உயிர்த்தெழுகிறது. அவர் நண்பர் டோல்கீனோ உருவகக் கதையை விரும்பாதவர். அவரிடம் அச்சாயல் ஒரு பாத்திரத்தில் நில்லாமல் பலரிடம் சிதறிக் கிடக்கிறது. இவர்களுக்கு அரை நூற்றாண்டு முன்னரே, மீட்பரைக் கதைக்குள் எவ்வாறு நிறுத்துவது என்னும் வினாவைத் தமிழ்ப்புலவர் ஒருவர் எதிர்கொண்டார்.

இத்தகு புனைவுகளின் மூதாதை எனத்தக்கது, தமிழில் 'மோட்சப் பிரயாணம்' என வழங்கும் ஜான் பன்யனின் நூல் (1678). அதில் மீட்பர் நேரில் தோன்றுவதே அரிது. சிலுவையருகே பயணியின் முதுகுச் சுமை கழன்று விழுகிறது. மரத்தில் குருதி சிந்தும் ஒருவரை மனக்கண்ணாற் கண்டதாகப் பின்னர் ஓரிடத்தில் அவன் இரண்டொரு சொற்களில் கூறுகிறான். அவ்வளவே.

இந்நூலைத் தழுவி எச். ஏ. கிருட்டிணபிள்ளை இயற்றிய 'இரட்சணிய யாத்திரிகம்' 1894இல் வெளிவந்தது. நெல்லைச் சீமையில் வைணவ வேளாளர் குடியிற் பிறந்து, கம்பனில் தோய்ந்து, 1858இல் மயிலாப்பூரில் ஞானஸ்நானம் பெற்றவர் அவர். பேயாழ்வார் அவதரித்த ஊர் என்று வைணவர் போற்றும் அதே மயிலையில்!

ஐந்து பருவங்களும் 3,700க்கு மேற்பட்ட பாடல்களும் கொண்ட இக்காப்பியத்தில், பன்யன் இரண்டொரு சொற்களில் கடந்ததைக் குமார பருவம் விரித்துப் பாடுகிறது. கதைக்கோப்பு ஒன்றையே அளவுகோலாகக் கொள்வார்க்கு இப்பருவம் பயணத்தைத் தடுப்பதாகத் தோன்றலாம். எனக்கோ நூலின் உயிர்நிலையே இதுதான் என்று படுகிறது. இறைவன் திருமேனியைக் கண்ணாரக் கண்டு பாடும் மரபில் வந்தவருக்கு, பாராத மீட்பரை நோக்கி ஒருவனை நடக்கச் செய்வது இயலாததாகவே இருந்திருக்கும்.

அப்பருவத்து இரட்சணிய சரிதப் படலத்தில் இயேசு பிணிக்கப்பட்டு நிற்கும் காட்சி ஊன்றி நோக்கத்தக்கது. அவரைக் கட்டியது கயிறு என்று எண்ணாதீர், பகைத்த மானிடரையும் நினைந்து உருகும் நேசமே என்கிறார் புலவர். இக்கருத்து சுவிசேஷத்துக்கு ஏற்புடையதே. ஆயினும் அதைச் சொல்லக் கயிற்றைத் தேர்ந்த உள்ளம் எங்கே பயின்றது? அன்னை யசோதையின் தாம்புக்குக் கட்டுப்பட்ட கண்ணன் ஆழ்வார் பாடல்களில் மீண்டும் மீண்டும் வருகிறான். பொருநைக் கரைக் குருகூர் நம்மாழ்வாரைப் போற்றும் மதுரகவியாரின் பனுவலுக்குப் பெயரே 'கண்ணிநுண் சிறுத்தாம்பு'.

லூயிசின் சிங்கமும் கயிறுகளால் கட்டப்படுகிறது. பிடரி மழிக்கப்பட்டும் வாய் திறவாமற் கிடக்கிறது. அது மாண்டபின் சிறு எலிகள் வந்து அக்கயிறுகளைக் கொறித்து அறுக்கின்றன. கிருட்டிணபிள்ளையின் காட்சியில் அத்தகைய எலிகளுக்கு வேலையில்லை.