களரியும் வகுப்பறையும்

கதைமாந்தரின் குணவியல்பை விளக்குமாறு கேட்டால் நம் மாணவர் எழுதும் விடை எத்தகையது என்பதை நாம் அறிவோம். வீரம், கொடை, நன்றியுணர்வு எனப் பண்புகள் அணிவகுத்து நிற்கும், மனிதனைத்தான் காணோம். பாத்திரம் எவ்வாறு வளர்கின்றது என்பதைக் கற்பிக்க மேனாட்டு நூல்களை நாடும் நாம், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, வவுணதீவு உள்ளிட்ட படுவான்கரையின் வயலூர்களில் வழங்கிவரும் கூத்தை மறந்துவிடுகின்றோம்.

அங்கே கூத்தாடுவோர் பெரும்பாலும் உழவர். அவரவர் பாத்திரத்துக்குரிய பாடல்களை அண்ணாவியார் பகிர்ந்தளிப்பதைச் 'சட்டங் கொடுத்தல்' என்பர். மாதக்கணக்கான பயிற்சியின் பின்னரே அரங்கேற்றம். பாத்திரம் களரியில் தோன்றும்போதே வரவுப் பாட்டும் ஆட்டமும் அதன் தகுதியைப் புலப்படுத்திவிடும். மன்னன் மன்னனாகவே வருவான். பிறப்பும் பதவியுமே மனிதனை நிர்ணயிக்கும் என்ற நிலமானிய நோக்கு இதில் படிந்துள்ளது.

எனினும் கதையின் போக்கு அந்நோக்கோடு மோதுகின்றது. கர்ணனை எடுத்துக்கொள்வோம். தேர்ப்பாகன் வீட்டில் வளர்ந்தவன். குலம் கேட்டு அவையில் இகழப்பட்டவன். பெற்ற தாயே வந்து உண்மையைக் கூறி அழைத்த பின்னரும் துரியோதனன் பக்கமே நிற்கின்றான். 'நன்றியுணர்வு' என்ற ஒரு சொல்லில் இத்தெரிவு அடங்குமா?

1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மாணவரைக் கொண்டு இக்கூத்துகளைச் செம்மைப்படுத்தி மேடையேற்றினார். 1962இல் 'கர்ணன் போர்' அரங்கேறியது. தொடர்ந்து வந்த 'இராவணேச'னை எழுதியவர் மட்டக்களப்பைச் சேர்ந்த சி. மௌனகுரு. அங்கே இராவணன் வெறும் அரக்கனல்லன்; உற்றாரை இழந்தும் பணிய மறுத்து அழிவை நோக்கி நடக்கும் அவலநாயகன். மரபின் ஆட்டம் நிலைத்தது; மனிதன் வளர்ந்தான்.

மாந்தரை அவர்களை உருவாக்கும் சூழ்நிலைகளோடு சேர்த்துக் காட்டுவதே யதார்த்தம் என 1888இல் மார்கரெட் ஹார்க்னஸுக்கு எழுதிய கடிதத்தில் எங்கெல்ஸ் வலியுறுத்தினார். ஆகவே நாம் மாணவரிடம் பண்புப் பட்டியலைக் கேட்க வேண்டியதில்லை. இவனை இந்நிலையில் நிறுத்தியவை எவை, இத்தெரிவுக்கு இவன் கொடுக்கும் விலை என்ன என்று கேட்போம். நாவலுக்கும் சிறுகதைக்கும் இவ்வினாக்களே பொருந்தும்.

பகலில் சேற்றில் நின்று இரவில் முடிதரித்து ஆடிய உழவன், ஒரு பாத்திரத்தினுள் புகுவது எவ்வாறு என்பதை உடலால் அறிந்தவன். அவனுடைய பேரப்பிள்ளைகள் இன்று நம் வகுப்பில் அமர்ந்து, பாட்டன் கலை பாடமாகாது என நம்பிக் குறிப்புகளை மனனஞ் செய்கின்றனர். அந்த நம்பிக்கையைத் தகர்ப்பது ஆசிரியர் கடமையாகும்.