கணினி வன்பொருள் விலைக் கூட்டு

நினைவகச் சில்லு, திரை, படக்குழாய் முதலிய கணினி உறுப்புகளைச் செய்யும் போட்டி நிறுவனங்கள் தமக்குள் பேசிவைத்துக்கொண்டு விலையையோ உற்பத்தியையோ முடிவு செய்வது விலைக் கூட்டு எனப்படும். விற்பவர்கள் சிலரே இருந்து, யார் செய்தாலும் பொருள் ஒன்றுபோலவே இருக்கும் துறைகளில் இது எளிதில் அமையும்.

‘டிராம்’ நினைவகச் சில்லு வழக்கு இவற்றுள் முதன்மையானது. 2001இல் சரிந்து கிடந்த சில்லு விலை, 2002 தொடக்கத்தில் திடீரென ஏறியது. டெல், காம்பாக், ஐபிஎம், ஆப்பிள் ஆகியவை கூடுதல் விலை கொடுத்து வாங்கின. அவ்வாண்டு ஜூனில் அமெரிக்க நீதித்துறை விசாரணையில் இறங்கியது. குற்றத்தை ஒப்புக்கொண்ட இன்ஃபினியான் 16 கோடி டாலரும் (2004), ஹைனிக்ஸ் 18.5 கோடியும், சாம்சங் 30 கோடியும் (2005), எல்பிடா 8.4 கோடியும் (2006) அபராதம் செலுத்தின. மேலாளர்கள் சிலர் சிறைக்கும் போனார்கள். இந்தக் கூட்டு 1998 ஜூலை முதல் 2002 ஜூன் வரை நடந்ததாகக் கண்ட ஐரோப்பிய ஆணையம், 2010 மே மாதம் 33.1 கோடி யூரோ விதித்தது. சிக்கிய பத்து நிறுவனங்களில் முந்திக்கொண்டு விவரம் சொன்ன மைக்ரான் மட்டும் ஒரு காசும் கட்டவில்லை. காட்டிக்கொடுப்பவருக்கு விலக்கு என்ற இந்த ஏற்பாடு இல்லையென்றால் இத்தகைய கூட்டுகள் வெளிவருவது அரிது.

படக்குழாய் நிறுவனங்களின் உயர்நிலைக் கூட்டங்களுக்குப் பின் பெரும்பாலும் கோல்ஃப் ஆட்டம் நடந்ததால் அவற்றுக்குப் ‘பசும்புல் கூட்டங்கள்’ என்று பெயர். இவ்வழக்கில் 2012இல் ஐரோப்பா விதித்த தொகை 147 கோடி யூரோ. எல்சிடி திரைக்காரர்கள் தைபே நகர விடுதிகளில் கூடினர். அது தொடர்பான வழக்கில் ஏயு ஆப்ட்ரானிக்ஸ் அமெரிக்காவில் 50 கோடி டாலர் கட்ட நேர்ந்தது.

டிராம் சில்லு முழுவதையும் இந்தியா இறக்குமதியே செய்துவந்தது. ஆகவே சியோலில் ஏற்றிய விலை, கலசப்பாக்கத்தில் ஒருவர் வாங்கிய கணினியிலும் ஏறாமல் இருந்திருக்காது. அன்றிருந்த 1969ஆம் ஆண்டின் முற்றுரிமைத் தடைச் சட்டம் பல்லில்லாதது. நடைமுறையைக் கைவிடச் சொல்லலாம், அபராதம் விதிக்க இயலாது. 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, வெளிநாட்டில் நடந்த செயலின் விளைவு இந்தியச் சந்தையில் தெரிந்தால் விசாரிக்க இடம் தருகிறது. கூட்டுக்குரிய 3ஆம் பிரிவோ 2009 மே 20 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் டிராம் கூட்டு கலைந்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

வன்பொருள் துறையில் இந்தியப் போட்டி ஆணையத்தின் முன் வந்த முக்கிய வழக்குகள் விலைக் கூட்டு பற்றியவை அல்ல. ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்தியதாக இன்டெல் மீது எழுந்தவை. இசிஸ் நிறுவனத்தின் புகார் 2014இல் தள்ளுபடியானது. வெளிநாட்டில் வாங்கிய செயலிகளுக்கு இங்கே உத்தரவாதம் மறுக்கப்படுவதாக மேட்ரிக்ஸ் தந்த புகாரில் 2019இல் விசாரணைக்கு உத்தரவானது. போட்டிச் சட்டத்தின் 2023ஆம் ஆண்டுத் திருத்தப்படி அபராதம் உலகளாவிய விற்றுமுதலைக் கொண்டு கணக்கிடப்படும்.