பொம்மை வீரனின் வண்ணம்



அரியலூர் மாவட்டத்துக் கீழப்பழுவூரில் ஆலந்துறையார் திருக்கோயில் இருக்கின்றது. பழுவேட்டரையர் என்னும் குறுநில மன்னர் ஆண்ட மண் இது. முதற் பராந்தக சோழன் பாண்டியனையும் ஈழத்துப் படையையும் எதிர்த்துப் பொருத வெள்ளூர்ப் போரிலே, பழுவேட்டரையர் கண்டன் அமுதனார் சோழன் பக்கம் நின்று வென்றார் என்பது கல்வெட்டுச் செய்தி. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் அவர் பெயர் அழியவில்லை. ஆனால் அவர்தம் வீரர்கள் அன்று உடுத்த உடையின் நிறம் என்ன? கல்வெட்டு அதனைக் கூறவில்லை. போர்க்களத்தில் முதலில் அழிவது உயிர். வரலாற்றில் முதலில் அழிவது நிறம். நிறத்தை இழந்த வரலாறு எத்துணைத் தவறுகளுக்கு இடம் தரும் என்பதை ஒரு சிறு பொம்மை எனக்குக் கற்பித்தது. அதனையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஒரு நவராத்திரியின்போது எங்கள் தெருவில் ஒரு வீட்டுக் கொலுவைக் காணச் சென்றிருந்தேன். கீழ்ப்படியில் சாண் உயரமுள்ள மண் சிப்பாய் ஒருவன் நின்றான். அவ்வீட்டுச் சிறுவன் அவனுக்குப் புதுவண்ணம் பூசி ஜெர்மானியப் போர்வீரனாக மாற்றியிருந்தான். உடல் முழுதும் இலைப்பச்சை. இடக்கையில் சிவப்புப் பட்டை. பட்டையின் நடுவே ஸ்வஸ்திகம். பாட்டியம்மாளுக்கோ மட்டற்ற மகிழ்ச்சி. "பேரன் எவ்வளவு மங்களமான சின்னமாகப் பார்த்துத் தீட்டியிருக்கிறான், பாருங்கள் ஐயா!" என்றார். நான் சிறுவனை நோக்கி, "தம்பி, இவன் எந்த ஆண்டின் வீரன்?" என்று கேட்டேன். அவன் விழித்தான். படத்தில் பார்த்தேன் என்றான். ஆண்டு தெரியாது என்றான்.

அவனைக் குறை கூற எனக்கு உரிமையில்லை. பணியில் இருந்த காலத்தில் ஒரு பள்ளிக் கண்காட்சிக்காக 1914-ஆம் ஆண்டுப் பதுங்குகுழி ஒன்றை மாணவர்களைக் கொண்டு அமைத்தேன். ஜெர்மானிய வீரர்களுக்குக் கருநீலச் சட்டை தீட்டச் சொன்னவன் நானே. காண வந்த முன்னாள் படைவீரர் ஒருவர், "இந்த நீலத்தில் நின்றிருந்தால் ஒரு நாழிகை கூட உயிரோடு இருந்திருக்க மாட்டார்களே!" என்றார். நான் பார்த்துத் தீட்டச் சொன்ன படம் 1870-ஆம் ஆண்டுப் போரின் படம்! அன்றிலிருந்துதான் நிறத்தின் வரலாற்றை ஊன்றிப் படிக்கலானேன்.

பொம்மை வீரர்களுக்கு வண்ணம் தீட்டும் கலை ஜெர்மனியிலே மிகப் பழையது. நியூரம்பர்க் நகரில் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹில்பெர்ட் என்னும் கைவினைஞர் வெள்ளீயத்தால் தட்டையான வீரர்களை வார்த்தார். சிலேட்டுக் கல்லில் அச்சுக் குடைந்து, உருகிய ஈயத்தை ஊற்றுவர். தட்டை உருவம் திரண்ட உடல்போலத் தோன்றுவது முழுவதும் தூரிகையின் திறமே. மடிப்பில் கருமையும் மேட்டில் வெண்மையும் கலந்து தீட்டுவர். பின்னர் 20-ஆம் நூற்றாண்டில், மரத்தூளும் பசையும் பிசைந்து கம்பியின்மேல் உருட்டிச் செய்த திரண்ட பொம்மைகளும் பரவின. நம் காகிதக்கூழ்ப் பொம்மைகளுக்கு இவற்றை உறவு என்று சொல்லலாம்.

இப்பொம்மைகளின் சட்டை ஒரு காலத்தில் பளிச்சென்றும், பிறகு மங்கியும் இருப்பதேன்? விடை வெடிமருந்தில் இருக்கின்றது. பழைய கருமருந்து வெடித்தால் களம் முழுவதும் புகை மூடும். அப்புகையில் தன் படை எது, மாற்றார் படை எது என்று அறியப் பளிச்சென்ற நிறம் வேண்டியிருந்தது. கும்பினியின் சென்னைப் படை செஞ்சட்டை அணிந்ததும், பிரஷ்யர் கருநீலம் அணிந்ததும் அக்காலத்து வழக்கம். 1880-களில் புகையில்லா வெடிமருந்து தோன்றியது. துப்பாக்கியும் நெடுந்தொலைவு சுடலாயிற்று. அதன்பின் பளிச்சென்ற சட்டை எதிரிக்குக் காட்டும் இலக்காயிற்று.

மண்ணின் நிறத்தில் மறைவது என்னும் பாடத்தைப் பிரிட்டிஷ் சேனை கற்றது நம் துணைக்கண்டத்திலேதான். 1840-களின் பிற்பகுதியில் பெஷாவரை ஒட்டிய எல்லைப்புறத்தில், லம்ஸ்டன் என்னும் தளபதியின் படையினர் புழுதி நிற உடை அணிந்தனர். புழுதி என்று பொருள்படும் பாரசீகச் சொல்லிலிருந்தே 'காக்கி' என்னும் பெயர் பிறந்தது. ஜெர்மானியர் தம் நாட்டுக் காட்டுக்கும் வயலுக்கும் ஏற்பச் சாம்பற்பச்சையைத் தேர்ந்து, 1910-இல் அதனைப் போர்க்கால உடையாக்கினர். 1916-இல் தோல் தொப்பி போய் எஃகுத் தலைக்கவசம் வந்தது. 1918-இல் அக்கவசத்தின் மீதே பச்சை, காவி மஞ்சள், துருப்பழுப்பு ஆகிய திட்டுகளைத் தீட்டி, இடையே விரலகலக் கருங்கோடு இடுமாறு கட்டளை பிறந்தது. உருவத்தின் விளிம்பை உடைத்துக் கண்ணை ஏமாற்றுவதே இதன் நோக்கம். உருமறைப்பு என்பது இதுதான்.

உருமறைப்பு நிலத்துக்கு மட்டும் உரியதன்று, கடலுக்கும் உண்டு. அதற்குச் சான்றாக நின்ற ஜெர்மானியக் கப்பல் ஒன்று நம் சென்னைக்கே வந்தது. 1914 செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு, எம்டன் என்னும் போர்க்கப்பல் துறைமுகத்து எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டு எரித்தது. எம்டனுக்குப் புகைபோக்கிகள் மூன்று. பிரிட்டிஷ் கப்பல்போலத் தோன்றும்பொருட்டு நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியை அதன் மாலுமிகள் எழுப்புவர். அக்டோபர் 28-இல் பினாங்குத் துறைமுகத்தில் நுழைந்ததும் இந்த வேடத்தோடுதான். நவம்பர் 9-இல் கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னியால் அது வீழ்ந்தது. ஆயினும் சூழ்ச்சியும் துணிவும் மிக்கவனை 'எம்டன்' என்று சொல்லும் வழக்கம் தமிழில் நிலைத்துவிட்டது.

இனி இரண்டாம் உலகப் போருக்கு வருவோம். 1931 முதல் ஜெர்மானிய வீரரின் கூடாரத் துணியில், உடைந்த கண்ணாடிச் சில்லுகள் போன்ற பழுப்பும் பச்சையுமான திட்டுகளும் மழைக்கீற்றுப் போன்ற கோடுகளும் அச்சிடப்பட்டன. மழையில் அதுவே மேலாடை. ஆனால் வீரரின் அன்றாடச் சட்டை சாம்பற்பச்சையே. வாகனங்களோ 1943 தொடக்கம் வரை பெரும்பாலும் கருஞ்சாம்பல். அதன்பின் அடிவண்ணம் மங்கிய மஞ்சள். ஆகவே, ஆண்டு தெரியாமல் தூரிகையைத் தொடுவது நாள் பாராமல் கடிதம் எழுதுவது போன்றது.

நம் சிறுவன் தீட்டிய கைப்பட்டைக்கு வருகிறேன். அச்சிவப்புப் பட்டை நாஜிக் கட்சியினர் அணிந்தது. சேனை வீரனின் சட்டையில் சின்னம் வலப்பக்க மார்பில் கழுகின் காலடியில் இருந்தது. இது சிறு பிழை. பெரிய பிழை வேறு. பாட்டியம்மாள் கோலத்தில் இடும் மங்களக் குறியையும் அந்தக் கட்சியின் குறியையும் ஒன்றென மயங்கியது. அக்குறியின் கீழ் அறுபது இலட்சம் யூதர்கள் கொல்லப்பட்டனர். ஜெர்மனியிலேயே அதனைப் பொதுவிடத்தில் காட்டுவதைச் சட்டம் தடுக்கின்றது. கல்வி, ஆராய்ச்சி போன்றவற்றுக்கு மட்டும் விலக்குண்டு. வடிவம் ஒன்றாயினும் வரலாறு வேறு என்பதை அன்று அவ்வம்மையாருக்கு எடுத்துச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்து, "அப்படியானால் அதை எடுத்துவிடு, கண்ணு" என்றார் பேரனிடம்.

எடுத்தால் மட்டும் போதுமா? நான் சிறுவனுக்கு மற்றொரு செய்தி சொன்னேன். ஜெர்மானியச் சாம்பற்பச்சைச் சட்டையை அணிந்தவர்களில் நம் நாட்டவரும் இருந்தனர். வட ஆப்பிரிக்காவில் சிறைப்பட்ட இந்திய வீரர்களிலிருந்து, நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் 1942-இல் ஒரு படையை உருவாக்கினார். மூவாயிரம் பேர் வரை சேர்ந்த அப்படைக்கு ஜெர்மானியச் சேனையில் 950-ஆம் எண் வழங்கப்பட்டது. சட்டை ஜெர்மானியருடையது, வலக்கையில் மட்டும் மூவண்ணத்தின்மேல் பாயும் புலி. சீக்கியர் தலைப்பாகை அணிந்தனர். தாய்நாட்டு விடுதலையை வேண்டியவர்கள், பிறரை அடிமைப்படுத்திய அரசின் உடையில் நின்றனர். இந்த முரணை எந்த ஒற்றை நிறத்தால் மூட முடியும்? ஜெர்மானிய வீரர் அனைவரையும் ஒரே பச்சையில் ஒரே முகத்தோடு தீட்டினால், அவர்கள் வரலாற்றிலிருந்தே மறைந்து போவார்கள். போர்க்களத்தில் உருமறைப்பு உயிரைக் காக்கும். ஏட்டிலும் பொம்மையிலும் அது உண்மையைக் கொன்றுவிடும்.

ஆதலால், மாணவர்களே, பொம்மைக்கு வண்ணம் தீட்ட விரும்பினால் முதலில் ஆண்டைத் தேடுங்கள், பிறகு இடத்தை, பிறகு அவன் யார் ஆணைக்கு உட்பட்டவன் என்பதை. அதன் பின்னரே தூரிகையை நனையுங்கள். பளபளக்கும் வண்ணம் வேண்டாம். மங்கிய வண்ணத்தை நீர்க்கக் கரைத்து, ஒன்று உலர்ந்தபின் மற்றொன்றாகப் பூசுங்கள். காலணியில் கொஞ்சம் புழுதி படியட்டும். நடந்து வந்தவன் அல்லனோ அவன்!

அடுத்த நவராத்திரிக்கும் அவ்வீட்டுக்குச் சென்றேன். கீழ்ப்படியில் அதே மண் சிப்பாய். இலைப்பச்சை போய்ச் சாம்பற்பச்சை வந்திருந்தது, தலையில் பாகை, வலக்கையில் சிறு புலி. அருகே ஓர் அட்டையில் '1942' என்று எழுதியிருந்தது. நான் கேட்குமுன்பே பாட்டியம்மாள் அதன் கதையை வந்தவர்க்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.