டொலோரஸ்: ஒரு ஸ்பானியப் பெண்பெயரின் சொல்லும் பொருளும்

ஸ்பானிய மொழியில் வழங்கும் பெண்பெயர்களுள் 'டொலோரஸ்' என்பதும் ஒன்று. 'டொலோர்' என்னும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்த இதற்கு அகராதி தரும் பொருள் 'துயரங்கள்' என்பதாகும். பெற்ற மகளுக்குத் துயரத்தைப் பெயராகச் சூட்டுவரோ என்னும் ஐயம் எழுதல் இயல்பு. அதற்கு விடை சொல்லின் பொருளில் இல்லை. பெயரின் வரலாற்றில் உள்ளது.

இப்பெயரின் முழுவடிவம் 'மரியா டெ லொஸ் டொலோரஸ்', அதாவது 'துயரங்களின் மரியாள்' என்பதாகும். சிமியோனின் முன்னுரை தொடங்கி இயேசுவின் அடக்கம் ஈறாக, மகன் பொருட்டு மரியாள் உற்ற துயரங்கள் ஏழெனக் கத்தோலிக்க மரபு தொகுத்துரைக்கும். பெயர் பன்மையில் அமைந்தமை இம்மரபோடு இயைகிறது. 1233இல் புளோரன்சில் தோன்றிய செர்வைட்டுத் துறவியர் சபை இவ்வழிபாட்டைப் பரப்புவதில் பெரும்பங்கு வகித்தது. 1814இல் ஏழாம் பயஸ் இதன் விழாவை இலத்தீன் திருச்சபை முழுமைக்கும் உரியதாக்கினார். 1913இல் செப்டம்பர் 15 அதற்குரிய நாளாயிற்று.

ஆகவே, பெயர் சுட்டும் துயரம் மகளுடையதன்று, அன்னையுடையது. நாளடைவில் 'மரியா' மறைய, அடைமொழியே பெயராய் நின்றது. மெர்சிடிஸ் (அருள்கள்), சொலெடாட் (தனிமை), பிலார் (தூண்), கொன்சுவேலோ (ஆறுதல்) ஆகியனவும் இவ்வாறு அமைந்தனவே.

இப்பெயர்களின் இலக்கணமும் நோக்கத்தக்கது. 'டொலோர்', 'பிலார்', 'கொன்சுவேலோ' என்பன ஸ்பானியத்தில் ஆண்பாற் சொற்கள். எனினும் பெயராக வழங்குமிடத்து அவை பெண்பால் முடிபே கொள்ளும். 'டொலோரஸ்' வடிவில் பன்மையாயினும் ஒருமை முடிபே ஏற்கும். மறைந்து நிற்கும் 'மரியா' என்னும் பெயரே பாலை உணர்த்துகிறது எனலாம்.

தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கும் 'வியாகுலமேரி' என்பது இப்பெயருக்கு நேரானது; 'சகாயமேரி' என்பது ஸ்பானிய 'சொகோரோ'வுக்கு இணையானது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. தமிழில் 'மேரி' நீங்கிய 'சகாயம்' ஆடவர் பெயராக வழங்குகிறது. 'சொகோரோ' தனித்து நின்றும் பெண்பெயராகவே வழங்குகிறது. ஸ்பானியத்தில் அடைமொழி மரியாளைத் தன்னுள் அடக்கிக்கொண்டது. தமிழில் அவ்வாறு நிகழவில்லை.

பெயர் பின்னர்ச் சமய எல்லையையும் கடந்தது. 'லோலா' என்னும் குறுக்கத்தில் துயரத்தின் சாயலே இல்லை. ஸ்பானியப் பொதுவுடைமை இயக்கத் தலைவர் டொலோரஸ் இபாருரி (1895–1989) இப்பெயரையே தாங்கியிருந்தார். சொல்லின் பொருள் வேறு, பெயரின் பொருள் வேறு என்பதற்கு 'டொலோரஸ்' தக்கதொரு சான்றாகும்.