தெர்மோஸ்டாட் ஹவுசிங்

கார் எஞ்சினின் தெர்மோஸ்டாட் வால்வை உள்ளே வைத்து மூடியிருக்கும் கூடுதான் தெர்மோஸ்டாட் ஹவுசிங். ரேடியேட்டர் ஹோஸ்களில் ஒன்று இதன் வாயில்தான் மாட்டப்பட்டிருக்கும். உள்ளங்கையில் அடங்கிவிடும் பாகம். ஆனால் இதில் மயிரிழை விரிசல் விழுந்தால் எஞ்சினே போய்விடக்கூடும்.

செங்கல்பட்டு வட்டாரம் கார்களோடு வளர்ந்த ஊர்ப்பக்கம். மறைமலைநகர் ஆலையிலிருந்து ஃபோர்டு ஐகான் 1999இல் சந்தைக்கு வந்தது. அங்கே 2022 ஜூலையில் உற்பத்தி நின்றபிறகும், அந்த ஆலையின் கார்கள் ஜிஎஸ்டி சாலையில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. எந்த நிறுவனத்தின் காரானாலும் வயது ஏற ஏற ரப்பரும் பிளாஸ்டிக்கும்தான் முதலில் தளரும்.

தெர்மோஸ்டாட்டின் உயிர் ஒரு மெழுகு உருண்டை. செர்ஜியஸ் வெர்னே 1930களில் உருவாக்கிய முறை இது. கூலன்ட் சுமார் 82 முதல் 92 டிகிரி செல்சியஸை எட்டும்போது மெழுகு உருகி விரிந்து வால்வைத் தள்ளித் திறக்கும். சூடான கூலன்ட் ரேடியேட்டருக்குப் பாயும். ரேடியேட்டர் மூடி இறுக்கமாக இருக்கும்வரை உள்ளே அழுத்தம் கூடி, கொதிநிலை 120 டிகிரிக்கு மேல் போகும். கசிவு வந்தால் அந்த அழுத்தம் போய்விடுகிறது. கூலன்ட் சீக்கிரமே கொதிக்கிறது.

முன்பு அலுமினியத்தில் வந்த ஹவுசிங், இப்போது பல கார்களில் கண்ணாடி இழை கலந்த நைலான். தினமும் சூடேறி ஆறி, சூடேறி ஆறி அது நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். விரிசல் பெரும்பாலும் போல்ட் துளையைச் சுற்றியோ அச்சு இணையும் கோட்டிலோ ஆரம்பிக்கும். சொட்டு கண்ணில் படாமலே போகலாம், சூட்டில் உலர்ந்துவிடுவதால். பானட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால், கேளம்பாக்கம் உப்பளத்துப் பாத்தி ஓரம் போல, இணைப்பில் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ பூத்திருக்கும். இனிப்பு கலந்த ஒரு வாடையும் வரும். மீட்டர் முள்ளை மட்டும் நம்பக் கூடாது. கூலன்ட் வற்றி சென்சார் காற்றில் நின்றால் முள் ஏறாமலே இருந்துவிடும்.

அலுமினிய ஹவுசிங்கை அரிப்பது தண்ணீர். கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் பல இடங்களில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். ‘கொஞ்சம் தண்ணி ஊத்திக்கலாம்’ என்று பைப் தண்ணீரை ஊற்றினால் உள்ளே உப்புப் படியும், அலுமினியம் குழி விழும். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி கலந்தோ, கலந்தே விற்கும் கூலன்ட்டையோ ஊற்ற வேண்டும்.

இன்னொரு பழக்கம் இதைவிடக் கெடுதலானது. ‘நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு?’ என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் கூட்டை மாட்டுவது. அக்னி நட்சத்திரத்திலும் எஞ்சினுக்கு 90 டிகிரி பக்கத்தில்தான் வேலை. கழற்றிவிட்டால் நெடுஞ்சாலையில் எஞ்சின் சூடேறாது. கம்ப்யூட்டர் அதிகப் பெட்ரோல் ஊட்டும், பி0128 என்ற பிழைக்குறி விழலாம். ரேடியேட்டரைத் தவிர்த்துப் போகும் பைபாஸ் வழியையும் சேர்த்து அடைக்கும் வகை வால்வு என்றால், அது இல்லாதபோது கூலன்ட்டில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாது. பொங்கல் விடுமுறை முடிந்து பரனூர் சுங்கச்சாவடியில் ஊர்ந்து நிற்கையில் சூடு ஏறுவதற்கு இதுவே காரணமாகலாம்.

மாற்றும் வேலை எஞ்சின் முழுதாக ஆறியபிறகே. சூட்டில் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். கூலன்ட்டை ஒரு தட்டில் வடித்து, கிளாம்பைத் தளர்த்தி, ஹோஸை லேசாகத் திருகி உருவ வேண்டும். பழைய கேஸ்கெட்டை பிளாஸ்டிக் சுரண்டியால் எடுப்பது நல்லது. இரும்பு பட்டால் அலுமினியத்தில் கீறல் விழுந்து, புது ஹவுசிங்கும் அங்கேயே கசியும். வால்வும் பழையது என்றால் அதையும் சேர்த்தே மாற்றிவிட வேண்டும். பல கார்களில் இரண்டும் ஒரே பாகமாகத்தான் கிடைக்கும். வால்வில் சின்னக் காற்றுத் துளை இருந்தால் அது மேற்பக்கம் வரட்டும். போல்ட்டுகளை மாற்றி மாற்றிச் சமமாக, அந்தக் காரின் கையேடு சொல்லும் அளவுக்கே இறுக்க வேண்டும். பிளாஸ்டிக் ஹவுசிங் உடைவது பல நேரம் கை பலத்தால்தான். பிறகு கூலன்ட் நிரப்பி, ஏர் லாக் விலக ஹீட்டரை முழுதாக வைத்து, ஃபேன் சுற்றும்வரை எஞ்சினை ஓடவிட்டு, ஆறியதும் அளவை மறுபடி பார்க்க வேண்டும்.

வடித்த கூலன்ட்டைத் தெருவில் ஊற்றாதீர்கள். அதில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். நாய் நக்கினாலும் குழந்தை வாயில் வைத்தாலும் சிறுநீரகத்தைக் கெடுக்கும் விஷம் அது. மூடியுள்ள கேனில் பிடித்து, பழைய ஆயில் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.