கப்பலில் 'சாப்பாடு இலவசம்' என்றால் உண்மையில் என்ன அர்த்தம்? சொகுசுக் கப்பல் உணவு பற்றி ஒரு முழு விளக்கம்

சிங்கப்பூரிலிருந்து மூன்று இரவுக் கப்பல் பயணம். 'தங்குமிடம், சாப்பாடு, பொழுதுபோக்கு, எல்லாம் சேர்த்து ஒரே விலை' என்கிறது விளம்பரம். ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் லிங்க் சுற்றுகிறது. லீவும் கிடைத்துவிட்டது. அம்மா அப்பாவையும் கூட்டிப் போகலாம் என்று வீட்டில் பேச்சை எடுத்தால், முதல் கேள்வி இப்படித்தான் வரும்: "அங்க நமக்கு என்னப்பா சாப்பிடக் கிடைக்கும்?"

சாதாரணக் கேள்விதான். ஆனால் அதற்குள் இன்னும் நாலு கேள்வி இருக்கிறது. எது இலவசம், எதற்குத் தனிக் காசு? தரம் எப்படி? வயிற்றுக்குப் பாதுகாப்பா? இதையெல்லாம் யார் சோதிக்கிறார்கள்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எது டிக்கெட்டில் சேர்ந்தது, எது சேராது?

பெரும்பாலான பெரிய கப்பல்களில் சாப்பாடு மூன்று அடுக்காக இருக்கும்.

முதல் அடுக்கு டிக்கெட்டிலேயே சேர்ந்தது. மேசைக்கு வந்து பரிமாறும் பிரதான உணவுக்கூடம், பஃபே, பீட்சா, சாண்ட்விச் மாதிரியான சில சின்னக் கவுன்டர்கள். சாதாரணத் தண்ணீர், காலை காபி, டீயும் பொதுவாக இதில் அடங்கும்.

இரண்டாவது, 'ஸ்பெஷாலிட்டி' உணவகங்கள். ஸ்டேக், சுஷி, இத்தாலியன் என்று தனித்தனியாக இருக்கும். உள்ளே போகத் தனிக் கட்டணம், இல்லையென்றால் ஐட்டத்துக்கு ஐட்டம் விலை.

மூன்றாவதுதான் பர்ஸைப் பதம் பார்ப்பது. குளிர்பானம், மது, நல்ல எஸ்பிரெஸ்ஸோ காபி, ராத்திரி ரூம் சர்வீஸ். பல நிறுவனங்கள் இந்த பில் மீது 18 முதல் 20 சதவீதம் வரை சேவைக் கட்டணத்தையும் சேர்த்துவிடும். தினசரி டிப்ஸ் தனி. அமெரிக்க நிறுவனங்களில் அது ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 16 முதல் 20 டாலர். அதாவது நாலு பேர் குடும்பம் மூன்று இரவு போனால், டிப்ஸ் மட்டுமே 200 டாலரைத் தொடலாம்.

இந்த மூன்று அடுக்கு எப்போதுமே இருந்ததில்லை. முன்பு கப்பலில் சாப்பாடு என்றால் நேரமும் மேசையும் முன்கூட்டியே முடிவாகிவிடும். தினமும் அதே மேசை, அதே பணியாளர், பக்கத்தில் அதே ஆட்கள். 2000-ஆம் ஆண்டில் நார்வேஜியன் குரூஸ் லைன், 'எப்போது வேண்டுமானாலும், எங்கே வேண்டுமானாலும் சாப்பிடுங்கள்' என்ற முறையை 'ஃப்ரீஸ்டைல்' என்ற பெயரில் கொண்டுவந்தது. மற்ற பெரிய நிறுவனங்களும் நாளடைவில் அந்த வழிக்கு வந்தன. தேர்வுகள் கூடின. கட்டண உணவகங்களும் கூடவே கூடின.

இன்றைக்கு அது எங்கே வந்து நிற்கிறது? 2024 ஜனவரியில் முதல் பயணம் போன ராயல் கரீபியனின் 'ஐகான் ஆஃப் தி சீஸ்' கப்பலில் 20-க்கும் மேற்பட்ட உணவு இடங்கள் இருக்கின்றன. அதிகபட்சமாக 7,600 பயணிகள், அதற்கு மேல் 2,350 ஊழியர்கள். ஒரு சின்ன டவுனுக்கே தினமும் சமைப்பது மாதிரி.

ஓர் ஆள் சாப்பாட்டுக்கு நிறுவனம் எவ்வளவு செலவு செய்கிறது?

இதற்கு விளம்பரத்தில் பதில் கிடைக்காது. பங்குச்சந்தையில் உள்ள நிறுவனங்களின் ஆண்டறிக்கையில் கிடைக்கும்.

உலகின் மிகப்பெரிய குரூஸ் குழுமமான கார்னிவல் கார்ப்பரேஷனை எடுத்துக்கொள்வோம். 2024 நிதியாண்டில் அதன் மொத்த வருவாய் சுமார் 2,500 கோடி டாலர். உணவுக்கான செலவு சுமார் 145 கோடி டாலர். அந்த ஆண்டில் ஏறக்குறைய 10 கோடி 'பயணி-நாட்கள்'. ஒரு பயணி ஒரு நாள் கப்பலில் இருந்தால் அது ஒரு பயணி-நாள்.

இப்போது வகுத்துப் பாருங்கள். ஒரு பயணிக்கு ஒரு நாளைக்கு 14 முதல் 15 டாலர். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 1,200 ரூபாய். இதிலேயே ஊழியர்களின் சாப்பாட்டுச் செலவும் அடக்கம்.

"அவ்ளோதானா?" என்று தோன்றும். இரண்டு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஒன்று, இது உணவுக்கான செலவு மட்டும். சமைப்பவர், பரிமாறுபவர் சம்பளம் இதில் வராது. இரண்டு, இந்த அளவில் மொத்தமாக வாங்கும்போது விலை வெகுவாகக் குறையும். ஆகவே 1,200 ரூபாய் என்பதை நாம் ஹோட்டலில் கொடுக்கும் 1,200 ரூபாயோடு ஒப்பிடக் கூடாது.

ஆனால் இன்னொரு எண் கதையைச் சொல்லிவிடுகிறது. அதே ஆண்டில் மது, கேசினோ, கரைச் சுற்றுலா, கட்டண உணவகம் உள்ளிட்ட 'கப்பலுக்குள் செய்யும் செலவு' மூலம் வந்த வருவாய் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு. டிக்கெட் விலையைக் குறைத்து உங்களை ஏற்றிவிட்டு, உள்ளே வந்த பிறகு சம்பாதிப்பதுதான் கணக்கு. இலவச மெனுவுக்குப் பக்கத்திலேயே கட்டண உணவகத்தின் போர்டு பளபளவென்று தொங்குவது தற்செயல் அல்ல.

நடுக்கடலில் எப்படிச் சமைக்கிறார்கள்?

கப்பல் தன் புறப்பாட்டுத் துறைமுகத்துக்குத் திரும்பும் நாளில்தான் பெரும்பகுதி சரக்கு ஏறும். பழைய பயணிகள் இறங்கி, புதியவர்கள் ஏறும் அந்தச் சில மணி நேரத்துக்குள் காய்கறி, இறைச்சி, பால், முட்டை எல்லாம் உள்ளே போயாக வேண்டும். இடையில் தீர்ந்துபோனால் நடுக்கடலில் கடை கிடையாது. அதனால் மெனுவே பெரும்பாலும் சுழற்சி முறையில் முன்கூட்டித் திட்டமிடப்பட்டிருக்கும்.

கப்பல் சமையலறையில் காய்கறி, இறைச்சி, மீன், பேக்கரி ஆகியவற்றுக்குத் தனித்தனி இடம் இருக்கும். பச்சை இறைச்சியில் உள்ள கிருமி சாலட்டுக்குத் தாவாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. குடிநீரில் கணிசமான பகுதி கடல்நீரிலிருந்து கப்பலிலேயே சுத்திகரிக்கப்படும், குளோரினும் சேர்க்கப்படும்.

தீ விபத்துதான் கப்பலின் பெரிய பயம் என்பதால், நீங்கள் கேபினில் எதையும் சூடாக்க முடியாது. எலக்ட்ரிக் கெட்டில், மினி ரைஸ் குக்கர் எதையும் பெட்டியில் வைக்காதீர்கள், ஏறும்போதே எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

வயிற்றுக்குப் பாதுகாப்பா?

கப்பல் என்றாலே 'நோரோவைரஸ்' செய்தி நினைவுக்கு வரும். வாந்தி, பேதி உண்டாக்கும் கிருமி இது. உள்ளே போன 12 முதல் 48 மணி நேரத்தில் வேலையைக் காட்டும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி சொல்வதன்படி, கப்பல்களில் ஏற்படும் வயிற்றுப்போக்குப் பரவல்களில் 90 சதவீதத்துக்கும் மேல் நோரோவைரஸால்தான். அதே சிடிசி இன்னொன்றும் சொல்கிறது: பதிவாகும் மொத்த நோரோவைரஸ் பரவல்களில் கப்பல்களின் பங்கு வெறும் 1 சதவீதம்.

பிறகு ஏன் கப்பல் மட்டும் செய்தியாகிறது? கப்பல்களுக்கு ஒரு கட்டாயம் இருக்கிறது. அமெரிக்கத் துறைமுகத்துக்கு வரும் சர்வதேசப் பயணக் கப்பலில் 3 சதவீதமோ அதற்கு மேலோ பயணிகள் அல்லது ஊழியர்கள் நோயுற்றதாகப் பதிவானால், சிடிசி அதைப் பொதுவில் வெளியிடும். 3,000 பேர் போகும் கப்பலில் 90 பேர். ஒரு கல்யாண மண்டபத்தில் அத்தனை பேருக்கு வயிறு கெட்டாலும் எங்கேயும் பதிவாகாமல் போகலாம்.

கவனிக்க வேண்டியது: நோரோவைரஸுக்கு சானிடைசர் ஜெல் சரியாக வேலை செய்யாது. சோப்புப் போட்டு 20 விநாடி கழுவுவதுதான் வழி. பஃபே வாசலில் ஜெல் தடவிக்கொண்டு போனால் போதும் என்று நினைக்காதீர்கள். எல்லோர் கையும் படும் கரண்டிதான் அங்கே ஆபத்து.

யார் சோதிக்கிறார்கள்?

சிடிசி-யின் கப்பல் சுகாதாரத் திட்டம் 1970-களிலிருந்து இருக்கிறது. அதிகாரிகள் முன்னறிவிப்பு இல்லாமல் வந்து சோதிப்பார்கள். 100-க்கு மதிப்பெண். 86 எடுத்தால் தேர்ச்சி, 85-ம் அதற்குக் கீழும் தோல்வி. சூடான உணவு 57 டிகிரி செல்சியஸுக்குக் குறையக் கூடாது, குளிர் உணவு 5 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று வெப்பநிலை வரை விதி உண்டு. மதிப்பெண்ணும் அறிக்கையும் இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

விலை உயர்ந்த கப்பல் என்றால் தானாகவே பாதுகாப்பு என்று அர்த்தமில்லை. 2013 ஜூனில் அலாஸ்காவின் ஸ்காக்வே துறைமுகத்தில், சொகுசுக்குப் பெயர்போன 'சில்வர் ஷேடோ' கப்பல் 82 மதிப்பெண் வாங்கித் தோற்றது. சோதனையிலிருந்து தப்பிக்க, கெட்டுப்போகக்கூடிய உணவுப் பொருட்களை ஊழியர்களின் கேபின்களுக்குள் கொண்டுபோய் ஒளித்து வைத்திருந்தது அறிக்கையில் பதிவானது. முன்னறிவிப்பு இல்லாத சோதனை ஏன் தேவை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இங்கேதான் நமக்கான சிக்கல். இந்தத் திட்டம் அமெரிக்கத் துறைமுகத்தைத் தொடும் கப்பல்களுக்கு மட்டும். மும்பையிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ போகும் கப்பல் அமெரிக்கா பக்கமே போகாவிட்டால், அதற்கு இந்த மதிப்பெண் இருக்காது. உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேச சுகாதார விதிகளின்படி (2005), சர்வதேசப் பயணம் போகும் கப்பல்கள் ஆறு மாதம் செல்லுபடியாகும் சுகாதாரச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். ஆனால் அது, நீங்கள் போனில் தேடிப் பார்த்து 'இந்தக் கப்பலுக்கு 92, அதற்கு 87' என்று ஒப்பிடக்கூடிய மதிப்பெண் அல்ல.

சைவம், ஜெயின், ஹலால்: நமக்கு என்ன கிடைக்கும்?

இந்தியப் பயணிகளை நம்பி ஓடும் கப்பல்களில் பெரிய கவலை வேண்டாம். மும்பையை மையமாகக் கொண்டு 2021 செப்டம்பரில் தொடங்கிய கோர்டிலியா குரூஸில் இந்திய சைவமும் ஜெயின் உணவும் உண்டு. அதன் 'எம்ப்ரஸ்' கப்பலைச் சென்னைத் துறைமுகத்திலிருந்து 2022 ஜூன் 4 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பினார். 2023 ஜூனில் அது சென்னையிலிருந்து இலங்கைக்கும் போனது. சிங்கப்பூரிலிருந்து போகும் 'ஜென்டிங் ட்ரீம்' கப்பலில் ஹலால் சான்று பெற்ற உணவகமும் இந்திய சைவ உணவும் இருக்கின்றன.

மேற்கத்தியப் பயணிகளுக்கான கப்பலில்தான் சொற்களைக் கவனிக்க வேண்டும். அங்கே 'வெஜிடேரியன்' என்றால் முட்டை இருக்கலாம். சூப்பில் கோழி எலும்புச் சாறு, தாய்லாந்து உணவில் மீன் சாஸ், டெசர்ட்டில் ஜெலட்டின் வரலாம். "முட்டை கிடையாது, மீன் கிடையாது, இறைச்சிச் சாறு கிடையாது" என்று பிரித்துச் சொல்லுங்கள்.

ஒரு டிப்ஸ்: முதல் நாள் இரவே பிரதான உணவுக்கூடத்தின் தலைமைப் பணியாளரிடம் பேசுங்கள். மறுநாள் மெனுவை முன்கூட்டியே காட்டி, உங்களுக்கு ஏற்றதைச் செய்து தரச் சொல்லி வைக்க முடியும். பெரிய கப்பல்களின் சமையலறையில் இந்தியர்கள் இருப்பது சகஜம். கேட்டால் மெனுவில் இல்லாத பருப்பும் சாதமும்கூட வரலாம்.

தட்டுக்குப் பின்னால் இருப்பவர்கள்

கோவா, மும்பை, தமிழ்நாட்டிலிருந்து ஹோட்டல் மேனேஜ்மென்ட் முடித்த பலருக்குக் கப்பல் சமையலறை ஒரு வேலைவாய்ப்பு. 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015-இல் ஏற்றது. அதன்படி ஊழியர்களுக்குச் சாப்பாடு இலவசமாகத் தர வேண்டும். வாரத்தில் அதிகபட்சம் 72 மணி நேர வேலை, அல்லது குறைந்தது 77 மணி நேர ஓய்வு என்பது வரம்பு. நம் ஐடி கம்பெனிகளில் வாரத்துக்கு 70 மணி நேரம் என்று ஒருவர் சொன்னதற்கே சண்டை போட்டோம். அங்கே விதி அனுமதிப்பதே 72.

உடம்பு சரியில்லாத சமையல்காரர் லீவு சொல்லத் தயங்கினால், அது பயணிகளுக்கும் ஆபத்து. அதனால்தான், வயிற்றுப்போக்கு வந்த உணவுப் பணியாளர் அறிகுறி நின்று குறைந்தது 48 மணி நேரம் வேலைக்குத் திரும்பக் கூடாது என்று சிடிசி விதி சொல்கிறது.

புக் பண்ணும் முன்பு

1. 'எல்லாம் சேர்த்து' என்பதில் டிப்ஸ், குளிர்பானம், ரூம் சர்வீஸ் வருகிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

2. டிரிங்க்ஸ் பேக்கேஜ் வாங்கும் முன்பு கணக்குப் போடுங்கள். பல நிறுவனங்களில் ஒரு கேபினில் ஒரு பெரியவர் வாங்கினால் மற்றப் பெரியவர்களும் வாங்கியே ஆக வேண்டும். அப்பா மோர் மட்டும் குடிப்பவர் என்றாலும்.

3. அலர்ஜி, சைவம், ஜெயின், ஹலால் எதுவாக இருந்தாலும் புக்கிங்கிலேயே பதிவு செய்யுங்கள். கப்பலில் ஏறிய பிறகு மறுபடி நினைவூட்டுங்கள்.

4. கப்பல் எப்போதாவது அமெரிக்கா போயிருந்தால், சிடிசி தளத்தில் பெயரைப் போட்டுப் பழைய மதிப்பெண்ணைப் பாருங்கள். எத்தனை என்பதைவிட, எதற்காகக் குறைத்தார்கள் என்பதைப் படியுங்கள்.

5. வயிறு சரியில்லை என்றால் மறைக்காதீர்கள். கப்பல் மருத்துவ மையத்தில் சொல்லுங்கள். ஒரு நாள் கேபினில் அடைந்து கிடப்பது கஷ்டம்தான். ஆனால் நீங்கள் பஃபேக்குப் போனால் அடுத்த நாள் நூறு பேர் அடைந்து கிடப்பார்கள்.

6. பஃபே பழத்தைப் பையில் போட்டுக்கொண்டு கரை இறங்காதீர்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளில் அபராதம் உண்டு.

அடுத்து என்ன?

2024 செப்டம்பர் 30 அன்று மும்பையில் தொடங்கிய 'குரூஸ் பாரத் மிஷன்' திட்டத்தின் இலக்கு, 2029-க்குள் இந்தியாவின் கப்பல் சுற்றுலாப் பயணிகளை இரு மடங்காக்குவது. புதிய முனையங்கள், புதிய வழித்தடங்கள் என்று பேச்சு நடக்கிறது. சாப்பிடுபவர்கள் இரு மடங்காகும்போது, சமையலறைச் சோதனை அறிக்கையும் நம் போனில் பார்க்கும்படி வர வேண்டும் என்று கேட்பதில் தப்பில்லை. அதுவரைக்கும், அம்மாவின் கேள்விக்கு நீங்கள் சொல்லக்கூடிய நேர்மையான பதில் இதுதான்: "சாப்பாடு கிடைக்கும்மா. முதல் நாளே கேட்டுச் சொல்லி வச்சுடலாம். கையை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவிக்கோ."